1870-ல் எழுதிய வாக்குரிமை 1965 வரை எங்கே போயிருந்தது?

இனத்தைக் காரணம் காட்டி யாருடைய வாக்குரிமையையும் மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தில் 1870-லேயே எழுதிவிட்டார்கள். அப்படியிருக்க 1965-ல் வாக்குரிமைச் சட்டம் என்று இன்னொரு சட்டம் எதற்கு, நடுவில் 95 வருஷம் நீதிமன்றங்கள் தூங்கிக்கொண்டிருந்தனவா, இன்றைக்காவது எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சந்தேகத்தின் வேர் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஓர் உரிமை அரசியல் சட்டத்தில் அச்சாகி அப்படியே இருக்கும்போது, யாரும் அதை நீக்காமலேயே, லட்சக்கணக்கானவர்களிடமிருந்து அதை எப்படிப் பறிக்க முடிந்தது? அரசு கலைக் கல்லூரியில் பல வருஷம் ஒப்பீட்டு அரசியலமைப்புப் பாடம் எடுத்தவன் நான். மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற இடமும் இதுதான். அமெரிக்காவில் வழக்காடிய அனுபவம் எனக்கு இல்லை. தீர்ப்புகளையும் ஆவணங்களையும் படித்துச் சொல்லிக்கொடுத்தவன் சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் ஓட்டுப் போடலாம் என்பதை அமெரிக்க அரசியல் சட்டம் 1787-ல் மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. மாநிலங்கள் அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தின என்பதற்கு வடக்கிலிருந்தே உதாரணம் தரலாம். நியூயார்க்கில் 1821-லிருந்து கறுப்பின ஆண் ஒருவர் ஓட்டுப் போட 250 டாலர் மதிப்புள்ள சொத்து காட்ட வேண்டியிருந்தது; வெள்ளையருக்கோ சொத்து நிபந்தனையைத் தளர்த்திக்கொண்டே போய் எடுத்தே விட்டார்கள். பென்சில்வேனியா 1838-ல் வாக்காளர் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதியது. உள்நாட்டுப் போரில் அடிமைமுறை ஒழிந்தபின் 1870-ல் வந்த 15-வது திருத்தம் இந்த ஏற்பாட்டை முழுவதுமாக மாற்றவில்லை. எல்லாக் குடிமக்களுக்கும் வாக்குரிமை உண்டு என்று அது சொல்லவே இல்லை. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகிய காரணங்களுக்காக மறுக்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். படிப்பு, சொத்து போன்ற நிபந்தனைகளையும் தடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அப்போதே சிலர் வாதாடினார்கள். அது எடுபடவில்லை. நம் அரசியல் சட்டத்தின் 326-வது பிரிவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்: இங்கே வயது வந்தோர் வாக்குரிமை என்று நேராகவே சொல்லியிருக்கிறது, பட்டியல் தயாரிப்பதும் தேர்தல் ஆணையத்தின் வேலை. அங்கே அந்தக் காலத்தில் குடிமகன் தானே கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் நின்று, பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. இந்தப் பதிவு மேசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அதைச் சுற்றித்தான்.

தொடக்கத்தில் அந்த உரிமை நன்றாகவே வேலை செய்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போருக்குப் பின் தெற்கே மத்திய அரசின் ராணுவம் இருந்தது. கறுப்பின ஆண்கள் பெருந்திரளாகப் பதிவு செய்து ஓட்டுப் போட்டார்கள். 1870-லேயே மிஸிஸிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்குப் போனார். அப்புறம்தான் எதிர்வினை, அதுவும் முதலில் துப்பாக்கியோடு. 1873 ஈஸ்டர் ஞாயிறன்று லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற ஊரில், தேர்தல் தகராறைத் தொடர்ந்து, வெள்ளையர் படை ஒன்று கறுப்பின மக்களைக் கூட்டமாகக் கொன்றது. கொன்றவர்களில் சிலருக்குக் கீழ் நீதிமன்றத்தில் கிடைத்த தண்டனையும் 1876-ல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை; தனிமனிதர்கள் செய்யும் வன்முறையைத் தண்டிப்பது மாநிலத்தின் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு இன்னொரு வழக்கில், 15-வது திருத்தம் யாருக்கும் வாக்குரிமையை வழங்கவில்லை என்றும் தீர்ப்பானது. 1877-ல் தெற்கில் மிச்சமிருந்த மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற ராணுவத்தையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்.

ஆனால் வன்முறையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேர்தலையும் ஓட்ட முடியாது. அது அசிங்கம், செலவு, வாஷிங்டன் மறுபடி தலையிடும் என்ற பயமும் இருந்தது. ஆகவே சட்டபூர்வமான வழியைத் தேடினார்கள். 1890-ல் மிஸிஸிப்பி புது அரசியல் சட்டம் எழுதியது. கருவிகள் எல்லாம் அங்கேயே தயாராகிவிட்டன: ஆண்டுக்கு 2 டாலர் ஓட்டு வரி, மாநிலத்தில் இரண்டு வருஷமும் அந்தப் பகுதியில் ஒரு வருஷமும் குடியிருப்பு, அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்கவோ படித்துக்காட்டினால் விளங்கிக்கொள்ளவோ முடிய வேண்டும் என்ற நிபந்தனை, அப்புறம் வாக்குரிமையைப் பறிக்கும் குற்றங்களின் பட்டியல். இதில் எதிலும் கறுப்பு, வெள்ளை என்ற சொல் கிடையாது. விளைச்சலில் பங்கு தந்து பிறர் நிலத்தில் சாகுபடி செய்யும் குடியானவர் அறுவடை முடிந்ததும் வேறு பண்ணைக்கு மாறுவார், குடியிருப்பு விதியில் அடிபடுவார். கையில் காசு புழங்குவது இலையுதிர் காலத்தில், ஓட்டு வரியோ தேர்தலுக்குப் பல மாதம் முன்பே கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குற்றப் பட்டியல்தான் எனக்கு எப்போதும் வியப்பு: திருட்டு, தீவைப்பு, பொய் சொல்லிப் பணம் பெறுவது எல்லாம் இருந்தன. கொலை இல்லை! கறுப்பின மக்கள் எந்தக் குற்றங்களைச் செய்வார்கள் என்று தாங்களாக நினைத்துக்கொண்டார்களோ அவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. மிஸிஸிப்பி உச்ச நீதிமன்றமே 1896-ல் ஒரு தீர்ப்பில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது.

மற்ற தென்மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. 1901-ல் அலபாமாவின் அரசியல் சட்ட மாநாட்டைத் தொடங்கிவைத்த தலைவர் ஜான் நாக்ஸ், மத்திய அரசியல் சட்டம் விதிக்கும் எல்லைக்குள் நின்று இந்த மாநிலத்தில் வெள்ளையர் மேலாதிக்கத்தை நிறுவுவதே நம் நோக்கம் என்று பேசினார். உங்கள் கேள்விக்கான பதில் அவர் வாயிலேயே இருக்கிறது. அலபாமாவில் ஓட்டு வரி ஆண்டுக்கு ஒன்றரை டாலர்தான், ஆனால் கட்டாத வருஷங்களின் பாக்கியும் சேர்ந்துகொண்டே போகும், 36 டாலர் வரை. நாற்பது வயதில் ஒருவர் திடீரென்று ஓட்டுப் போட ஆசைப்பட்டால் இருபது வருஷத்துப் பாக்கியையும் கட்டியாக வேண்டும். லூசியானா 1898-ல், 1867 ஜனவரி 1 அன்று ஓட்டுரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்களுடைய மகன், பேரன்களுக்கும் படிப்பு, சொத்து நிபந்தனைகளிலிருந்து விலக்கு தந்தது. அந்தத் தேதியில் அந்த மாநிலத்துக் கறுப்பினத்தவர் யாருக்கும் ஓட்டு இல்லை என்பதுதான் சூட்சுமம். 1896-ல் லூசியானாவில் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1900-ல் 5,320 பேர். நான்கே வருஷம். ஏழை வெள்ளையர்களும் இந்த வலையில் சிக்கினார்கள், குறிப்பாக ஓட்டு வரியில். அதைப் பற்றி மாநாட்டுக்காரர்கள் எல்லோரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

இப்போது பதிவு மேசைக்கு வருவோம். எழுத்தறிவுத் தேர்வு என்றதும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களை நீக்கினார்கள் என்று நினைக்கத் தோன்றும். தேர்வின் உயிர் எழுத்தில் இல்லை, மதிப்பெண் போடுகிறவர் கையில் இருந்தது. மிஸிஸிப்பி அரசியல் சட்டத்தில் 285 பிரிவுகள். எந்தப் பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொல்வது என்பதைப் பதிவாளர் தீர்மானிப்பார், எழுதியது சரியா தவறா என்பதையும் அவரே தீர்மானிப்பார். லூசியானா வழக்கொன்றின் ஆவணங்களில் ஒரு விடைத்தாள் இருக்கிறது. வெள்ளை விண்ணப்பதாரர் ஒருவர் தனக்குத் தரப்பட்ட பிரிவுக்கு எழுதிய விளக்கம் மூன்றே சொல். பேச்சுச் சுதந்திரம் என்பதற்கான ஆங்கிலச் சொற்களை எழுதப் பார்த்திருக்கிறார், ‘ஃப்ர்டம் ஃபூஃப் ஸ்பெட்க்’ என்று வந்திருக்கிறது. தேறிவிட்டார். அதே மாநிலத்தில் கறுப்பின விண்ணப்பதாரர்களுக்குக் கொடுத்த பிரிவுகளில் ஒன்று, வெளிமாநில ரயில் பெட்டிகளுக்கு எந்த விகிதத்தில் வரி மதிப்பிட வேண்டும் என்பதைப் பற்றியது.

ஃபேனி லூ ஹேமரின் அனுபவம் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்க உதவும். மிஸிஸிப்பியில் ஒரு பருத்திப் பண்ணையில் 18 வருஷம் வேலை பார்த்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினேழு பேரோடு பஸ்ஸில் இந்தியனோலா ஊர் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போனார். சட்ட நுணுக்கம் நிறைந்த ஒரு பிரிவுக்கு விளக்கம் கேட்டார்கள், தேறவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி, வண்டியின் மஞ்சள் நிறம் சரியில்லை என்று ஓட்டுநருக்கு அபராதம் போட்டது. வீட்டுக்கு வந்தால் பண்ணை முதலாளி காத்திருக்கிறார்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியேறு. “உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன்” என்று பதில் சொல்லிவிட்டு அன்றிரவே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியில் தேர்வில் தேறினார். ஆனால் ஓட்டுப் போடப் போனபோது இரண்டு வருஷத்து ஓட்டு வரி ரசீது எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் பதிவுக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்களை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும் என்றும் மிஸிஸிப்பியில் ஒரு சட்டம் போட்டார்கள். யாரை வேலையை விட்டு நிறுத்துவது, யாருக்குக் கடன் மறுப்பது என்று முதலாளிகளுக்கும் வங்கிக்காரர்களுக்கும் வேறு யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு சோப்புக் கட்டியில் எத்தனை குமிழிகள் என்று கேட்டார்கள், ஜாடியில் எத்தனை மிட்டாய் என்று கேட்டார்கள் என்பவை இணையத்தில் அடிக்கடி வலம் வருகின்றன. வாய்மொழி நினைவுகளில் இவை உண்டு; அதிகாரி வாயால் எதையும் கேட்கலாம் என்ற நிலை இருந்ததால் நம்ப முடியாததும் இல்லை. ஆனால் அச்சிட்ட தேர்வுத் தாள் எதிலும் நான் பார்த்ததில்லை, எனவே வகுப்பில் ஆதாரமாகச் சொல்ல மாட்டேன். லூசியானாவின் 30 கேள்விகள், 10 நிமிடம், ஒன்று தவறினாலும் தோல்வி என்ற குழப்பத் தாள் உண்மையானது. அதை வைத்துத்தான் தென்மாநிலம் முழுக்கத் தேர்வு நடந்தது என்று பகிர்வது மிகை: அது 1960-களின் நடுவில் அந்த ஒரு மாநிலத்தின் சில இடங்களில் பயன்பட்டது. வழக்கமான கொடுமைக்கு அவ்வளவு விசித்திரம் தேவைப்படவில்லை.

சரி, நீதிமன்றங்கள்? தூங்கவில்லை, படித்துக்கொண்டிருந்தன. சட்டத்தின் வாசகத்தைப் படித்தன, அதில் இனம் இல்லை, ஆகவே குற்றமில்லை. மிஸிஸிப்பி அரசியல் சட்டத்தை 1898-ல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் ஏற்றது. 1903-ல் அலபாமாவின் ஜாக்சன் கைல்ஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி, பட்டியல் மோசடியானது, என் பெயரைச் சேர்க்க உத்தரவிடுங்கள் என்று கேட்டார். நீதிபதி ஹோம்ஸ் எழுதிய தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பட்டியலே மோசடி என்றால் உன் பெயரையும் அதில் சேர்த்து நீதிமன்றம் எப்படி மோசடிக்கு உடந்தையாக முடியும் என்றார். பரிகாரம் வேண்டுமானால் அரசியல் வழியில் தேடிக்கொள்ள வேண்டுமாம். ஓட்டு இல்லாதவனுக்குச் சொன்ன யோசனை இது.

வெற்றிகளும் இருந்தன, ஆனால் ஒவ்வொரு வெற்றிக்கும் மாநிலங்கள் அடுத்த தந்திரத்தோடு தயாராக இருந்தன. தாத்தாவுக்கு ஓட்டு இருந்திருந்தால் பேரனுக்கு விலக்கு என்ற ஓக்லஹோமாவின் விதியை 1915-ல் உச்ச நீதிமன்றம் அடித்தது. 1916-ல் ஓக்லஹோமா புதுச் சட்டம் போட்டது: 1914-ல் ஓட்டுப் போட்டவர்கள் தானாகப் பட்டியலில் இருப்பார்கள், மற்றவர்கள் ஏப்ரல் 30 முதல் மே 11-க்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் பொதுவாக ஆயுளுக்கும் கிடையாது. இந்தப் பன்னிரண்டு நாள் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது 1939-ல். டெக்சஸில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று வைத்திருந்தார்கள். அங்கே அந்தக் கட்சி நிறுத்துகிறவரே ஜெயிப்பார் என்பதால் உண்மையான தேர்தலே அதுதான். அதை உடைக்க 1927-ல் தொடங்கி 1944 வரை நான்கு வழக்குகள் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. கடைசி வழக்கில் வென்ற வழக்கறிஞர்களில் ஒருவரான தர்குட் மார்ஷல் பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். அலபாமாவின் டஸ்கீகியில் 1957-ல் ஊர் எல்லையையே மாற்றி வரைந்தார்கள். சதுரமாக இருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவமானது, சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நான்கைந்து பேர் தவிர எல்லோரும் வெளியே, வெள்ளையர் ஒருவர்கூட வெளியேறவில்லை. அதையும் நீதிமன்றம் 1960-ல் தட்டிக்கேட்டது.

1957-லிருந்து மத்திய அரசே வழக்குப் போடலாம் என்று ஆனது. அதன் வேகத்தைப் பாருங்கள்: அலபாமாவில் செல்மா நகரம் இருக்கும் டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். நான்கு வருஷ வழக்குக்குப் பின் பதிவானவர்கள் எண்ணிக்கை 156-லிருந்து 383 ஆனது. பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறக்கும். பக்கத்து லவுண்டஸ் கவுண்டியில் மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை. 1965 மார்ச் 7 அன்று செல்மாவின் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் சுமார் 600 பேர் ஊர்வலமாகப் போனபோது மாநிலப் போலீஸ் அடித்து நொறுக்கியதும், ஊர்வலத்தை முன்னின்று நடத்திய ஜான் லூயிஸின் மண்டை உடைந்ததும், அதை நாடே தொலைக்காட்சியில் பார்த்ததும் நீங்கள் அறிந்ததே. ஆகஸ்ட் 6 அன்று ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இந்தச் சட்டம் பழைய உரிமையையே திரும்பவும் எழுதிக்கொண்டிருக்கவில்லை, சுமையை இடம் மாற்றியது. பாகுபாட்டுப் பின்னணி உள்ள பகுதிகளில் எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்திவைத்தது, தேவைப்பட்ட இடங்களில் மத்திய அரசின் ஆட்களே வந்து பெயர் பதிந்தார்கள். முக்கியமாக, அந்தப் பகுதிகள் தேர்தல் விதி எதை மாற்றினாலும் முன்கூட்டியே வாஷிங்டனின் ஒப்புதல் பெற வேண்டும். ஓக்லஹோமாவின் பன்னிரண்டு நாள் சட்டத்தை உடைக்க 23 வருஷம் ஆனதே, அந்த 23 வருஷத்தை இது மாநிலத்தின் தலையில் கட்டியது. பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு நிரூபிக்கும் வரை விதி ஓடிக்கொண்டிருக்காது; விதி நியாயமானது என்று மாநிலம் முதலில் நிரூபிக்க வேண்டும். மிஸிஸிப்பியில் கறுப்பினத்தவரின் பதிவு 6.7 சதவீதத்திலிருந்து 1967-க்குள் 59.8 சதவீதமானது. ரத்தம் சிந்தாமலும் இல்லை. மாநிலத் தேர்தல்களுக்கு ஓட்டு வரி இன்னும் நடப்பில் இருந்த 1966 ஜனவரியில், மற்றவர்களின் ஓட்டு வரியைத் தன் கடையில் கட்டலாம் என்று வானொலியில் அறிவித்த வெர்னன் டேமரின் வீட்டுக்குத் தீ வைத்தது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு. அவர் இறந்தார். அந்த வரி செல்லாது என்ற தீர்ப்பு இரண்டு மாதம் கழித்து வந்தது.

இது கறுப்பு வெள்ளைக் கதை மட்டுமில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பூர்வகுடி மக்களுக்கு 1924-ல் குடியுரிமை வந்தும் அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் 1948 வரை ஓட்டுத் தரவில்லை. நம்மவர்களுக்கோ குடியுரிமையே கிடையாது: பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்ல என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், 1946-ல் சட்டம் மாறும் வரை குடியேறிய இந்தியர் அங்கே குடிமகனாக முடியாது. அதன் பிறகு குடியுரிமை பெற்ற தலீப் சிங் சௌந்த் 1956-ல் கலிஃபோர்னியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்கே தேர்வானார்.

இன்றைய நிலைமைக்கு வந்தால் என் உறுதி கொஞ்சம் குறையும். நடந்தது இது: முன் ஒப்புதல் எந்தெந்தப் பகுதிகளுக்கு என்று தீர்மானிக்கும் சூத்திரம் பழைய புள்ளிவிவரத்தில் நிற்கிறது என்று கூறி 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மழையில் நனையவில்லை என்பதற்காகக் குடையைத் தூக்கி எறிவது போல இது என்று நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்டு எழுதினார். அதே நாளில் டெக்சஸ் தன் அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்கப்போவதாக அறிவித்தது; அதன்படி துப்பாக்கி உரிமம் செல்லும், மாணவர் அட்டை செல்லாது. வட கரோலினா சட்டமன்றம் எந்த இனத்தவர் எந்த வசதியைப் பயன்படுத்தி ஓட்டுப் போடுகிறார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கிய பின் அந்த வசதிகளைக் குறைத்தது என்பதை 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டறிந்து அந்தச் சட்டத்தை அடித்தது. இவையெல்லாம் ஆவணத்தில் உள்ளவை. அடையாள அட்டைச் சட்டங்கள் எத்தனை பேரை உண்மையில் தடுக்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடம் ஒத்த கருத்து இல்லை. சில ஆய்வுகள் பாதிப்பு பெரிது என்கின்றன, சில அப்படி ஒன்றும் இல்லை என்கின்றன. ஆகவே பழைய காலம் அப்படியே திரும்பிவிட்டது என்று சொல்பவர்களோடும் நான் ஒத்துப்போக மாட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது என்பவர்களோடும் ஒத்துப்போக மாட்டேன்.

ஆனால் குற்றப் பட்டியல் விஷயத்தில் தொடர்ச்சி தெளிவாகவே தெரிகிறது. அலபாமாவின் 1901 பட்டியலில் ஒரு பகுதியை, இன நோக்கம் நிரூபணமானதால், 1985-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. மற்றபடி தண்டனை பெற்றவர்களின் ஓட்டைப் பறிக்கலாம் என்ற விதி நிற்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஃப்ளோரிடாவில் 2018-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, கொலை, பாலியல் குற்றங்கள் தவிர மற்றவற்றில் தண்டனையை முடித்தவர்களுக்கு ஓட்டைத் திருப்பித் தர 64 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது. மறு வருஷமே மாநிலச் சட்டமன்றம், அபராதமும் நீதிமன்றக் கட்டணங்களும் பாக்கியில்லாமல் கட்டினால்தான் தண்டனை முடிந்ததாகப் பொருள் என்று சட்டம் போட்டது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டால் சொல்ல மாநிலத்திடம் ஒழுங்கான பதிவேடு இல்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. கீழ் நீதிமன்றம் அதன் பெரும்பகுதியைச் செல்லாது என்றது, 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. தங்களுக்கு ஓட்டு உண்டு என்று நம்பிப் பதிவு செய்து ஓட்டுப் போட்ட சிலரை 2022-ல் கைதும் செய்தார்கள். பதிவு அட்டை அனுப்பியது அரசு அலுவலகம்தானே என்று அவர்கள் போலீஸிடம் திருப்பிக் கேட்கும் காட்சிகள் வெளியாயின. அவர்கள் கொலை அல்லது பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள், அதனால் 2018 வாக்கெடுப்பு ஓட்டைத் திருப்பித் தந்தவர்களுக்குள் வராதவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.